புற்றுநோய்ச் சிகிச்சையில் நேரும் ஈரற்கேடு

மருந்தினால் ஈரல் கெடுதல் புதுமையன்று. ஆயின், மருந்து நஞ்சாய் நின்று கெடுக்காமல், நோயாளியின் உடலே தன் ஈரலைத் தாக்குமாறு செய்தல் ஆராயத்தக்கதொன்றாம். புற்றுநோய்க்கு இக்காலத்தில் அளிக்கப்படும் நிர்ப்பீடனச் சிகிச்சையிற் சிலர்க்கு நேர்வது இதுவே.

குருதியிலுள்ள 'ரி' கலங்கள் உடலின் காவலர் போன்றவை. அவை வரம்பு மீறாவண்ணம் அவற்றின் மேற்பரப்பிலே தடைப்புரதங்கள் சில அமைந்துள்ளன. இத்தடைகளைத் தமக்கு அரணாக்கிக்கொண்டே புற்றுநோய்க் கலங்கள் பல தப்பிவிடுகின்றன. சி.ரி.எல்.ஏ. 4, பி.டி. 1 என்னும் இத்தடைகளை ஆராய்ந்து, அவற்றை நீக்கிச் சிகிச்சை செய்ய வழிகண்ட யேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்ஜோ ஆகிய இருவர்க்கும் 2018 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகை மருந்துகளுள் முதலாவதாகிய இப்பிலிமுமாப், மெலனோமா என்னுந் தோற்புற்றுநோய்க்கென 2011 இல் அமெரிக்காவில் அநுமதி பெற்றது. பெம்புரோலிசுமாப்பும் நிவோலுமாப்பும் 2014 இல் அதனைத் தொடர்ந்தன.

தடை நீங்கிய காவலர் பகைவரை மட்டுமே தாக்குவர் என்பதற்கு உறுதி யாது? ஈரலின் நிலையை நோக்குக. குடலிலிருந்து வாயினாளத்தின் வழியே வருங் குருதி, உணவின் கூறுகளையும் நுண்ணுயிர்களின் கூறுகளையும் ஓயாது கொணர்ந்து சேர்க்கின்றது. அந்நியப்பொருள் ஒவ்வொன்றையும் எதிர்க்கப் புகுந்தால் ஈரல் ஒருநாளேனும் நலமாயிராது. ஆதலின் பொறுத்தலே அதன் இயல்பாயிற்று. அப்பொறுமைக்குத் துணைநிற்பவற்றுள் மேற்கூறிய தடைகளும் அடங்கும். அவை அகலவே ஈரல் அழற்சி தோன்றுகின்றது. மருந்தொன்றைத் தனியே பெறுவோருள் நூற்றுக்கு ஐந்து முதற் பத்துப் பேர்வரை இதற்கு ஆளாகின்றனர். இருவகை மருந்துகளையுஞ் சேர்த்துப் பெறுவோரிடத்து இத்தொகை இன்னும் மிகும்.

இதன் கொடுமை யாதெனின், பெரும்பாலும் அறிகுறி எதுவுங் காட்டாமையே. மஞ்சட்காமாலை கண்டபின் விழிப்பது காலந்தாழ்த்தலாகும். சிதையும் ஈரற்கலங்களிலிருந்து நொதியங்கள் குருதியிற் கசியுமாதலின், ஒவ்வொரு முறை மருந்தேற்று முன்னரும் குருதியைச் சோதிப்பர். நொதியம் மிகுந்தவிடமெல்லாம் இச்சிகிச்சையே காரணமென்று துணிதலும் பிழை. வைரசு, மது, பிற மருந்துகள், ஈரலிற் பரவிய புற்று ஆகியவற்றையும் ஆராய்தல் வேண்டும். நோயாளர் தாம் உண்ணும் நாட்டுமருந்தை மருத்துவரிடம் மறைப்பதுண்டு. இவ்விடத்து அது பெருந் தடுமாற்றத்தை விளைக்கும்.

நொதியத்தின் அளவு இயல்பெல்லையின் ஐந்து மடங்கைக் கடந்தால், மருந்தை நிறுத்தி, உடல் நிறையின் கிலோகிராமொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை பிரட்னிசொலோன் கொடுப்பர். அதனை வாரக்கணக்கிற் சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும். விரைந்து குறைத்தால் அழற்சி மீளவும் மூளும். அதற்கும் அடங்காவிடின் மைக்கோபினோலேற்று உதவும். பெரும்பாலோர் இவற்றாற் குணமடைகின்றனர்.

காவலரை அடக்கினாற் புற்றுநோய் மீளாதோ என்று நோயாளர் அஞ்சுவது இயல்பே. ஆயின், மருந்து நிறுத்தப்பட்ட பின்னரும் சிலரிடத்துக் கட்டி தொடர்ந்து சுருங்கியிருத்தல் காணப்பட்டுள்ளது.