சோளத்தட்டை வண்டி

போன வாரம் கடைப் பொம்மைகளைப் பார்த்தோம். இந்த வாரம், காசில்லாமல் கிடைப்பவை.

கன்னிவாடிப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. மலையடிவாரம், சோளமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற காடு. அறுப்பு முடிந்து களத்தில் கிடக்கும் சோளத்தட்டை பெரியவர்கள் கண்ணுக்கு மாட்டுத் தீவனம். பிள்ளைகளுக்கு அது வண்டி. காய்ந்த தட்டையின் தோலை நீளவாக்கில் உரித்தால் ஈர்க்கு போல வரும். உள்ளே வெள்ளையாக, அமுக்கினால் அமுங்குகிற நெட்டி. நெட்டியைத் துண்டு போட்டால் சக்கரம், உரித்த தோலைச் செருகினால் அச்சு. ஆணி வேண்டாம், பசை வேண்டாம். அதையே வளைத்துச் செருகினால் மூக்குக்கண்ணாடி. தோலின் ஓரம் விரலைக் கீறிவிடும் என்பதால் உரிக்கிற வேலை மட்டும் அக்கா, அண்ணன்மாருக்கு.

வண்டி சலித்தால் பிரித்துவிடலாம் என்பதுதான் இதில் விசேஷம். சாவி கொடுத்தால் ஓடும் காருக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. பிரிட்டனைச் சேர்ந்த கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971-இல் இதைத்தான் எழுதினார்: பிள்ளை கையால் நகர்த்தவும் சேர்க்கவும் மாற்றவும் கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ, அவ்வளவுக்குக் கற்பனையும் ஓடும். நம் ஊர்ப் பிள்ளைகள் அவரைப் படித்துவிட்டா விளையாடினார்கள்!

அவருக்கு முன்பே இதைப் பள்ளிக்கூடமாக்கியவர் தாராபாய் மோடக். மாண்டிசோரி முறையில் ஊறியவர். ஆனால் அந்தக் கருவிகளின் விலை கிராமத்துக்குக் கட்டாது என்று கண்டுகொண்டார். 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் அனுதாய் வாக்குடன் பாலவாடி தொடங்கியபோது விதை, இலை, கூழாங்கல், கிளிஞ்சல் என்று அங்கே கிடைத்ததே பாடப்பொருளானது. பிள்ளைகள் வராவிட்டால் ஆசிரியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போனார். 1975 அக்டோபர் 2-இல் அரசு தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்துக்கு அதை முன்னோடி என்பார்கள்.

பொருள் சேர்ப்பது சுலபம். கொட்டாங்குச்சி, முத்து உதிர்த்த மக்காச்சோளச் சக்கை, தீப்பெட்டி, நூல்கண்டுக் கட்டை, துணிக்கடை அட்டைப்பெட்டி. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். சக்கையைத் தரையில் தள்ளிக்கொண்டு போகும் பையனிடம், “என்ன சாமி இது?” என்கிறோம். “பஸ்ஸு” என்கிறான். “பஸ்ஸுக்குச் சக்கரம் எங்கடா?” என்று கேட்டால் போதும், பஸ் அங்கேயே நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்திருந்தால் அதே சக்கை அவனுக்குப் போனாகும், பிறகு தாலாட்டித் தூங்கவைக்கும் பாப்பாவாகும்.

கண்டிப்பு காட்டவேண்டிய இடம் வேறு. மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் புளியங்கொட்டையும் சோடா மூடியும் ஆகாது. சுமார் 3 செ.மீ. அகலத்துக்குள் அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கலாம். குன்றிமணி அழகுதான், ஆனால் ஓடு உடைந்தால் கொடிய விஷம். ஆமணக்கும் காட்டாமணக்கும் அப்படியே. விதைப்புக்கு வாங்கி மிஞ்சிய, சாயம் ஏறிய மக்காச்சோளமும் பருத்தி விதையும் மருந்து கலந்தவை. பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். பூச்சிமருந்து டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், அதன் மூடியைக்கூட.

அடுத்த வாரம்: மண்ணும் தண்ணீரும்.