கன்றின் வளர்ச்சியும் கடுகளவு தாதுக்களும்

தேயிலைக்கு நாகச்சத்து தேவை என்பதை நமது தோட்டங்களில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாக சல்பேற்றைத் தண்ணீரில் கரைத்து இலைக்குத் தெளிப்பது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சிபாரிசு செய்த வேலைதான். கொழுந்து நிறுத்து முடிந்த பின், அதே மண்ணில் முளைத்த புல்லை வெட்டிச் சுமந்து வந்து லயத்துக்குப் பின்னால் நிற்கும் பசுவுக்குப் போடுகிறோம். அந்தப் புல்லில் என்ன குறைகிறது என்று யோசிப்பவர் சிலரே.

மலைநாட்டு மழை மண்ணின் சத்துக்களைக் கழுவிக்கொண்டு போகிறது. இத்தகைய மண்ணில் வளரும் புல்லில் செப்பு, நாகம், கோபால்ற்று, செலேனியம், அயடீன் ஆகியவை குறைவாக இருக்க இடமுண்டு. தேவைப்படும் அளவு மிகச் சிறிது: ஒரு கிலோ உலர்தீவனத்தில் செப்பு சுமார் 10 மில்லிகிராம், நாகம் 40, கோபால்ற்று 0.1 மட்டுமே. ஆனால் அது இல்லாவிட்டால் மாடு தேயும். அவுஸ்திரேலியாவில் நல்ல புல் நிறைந்த நிலங்களிலேயே ஆடுமாடுகள் மெலிந்து மடிந்தன. கோபால்ற்றுக் குறைவே காரணம் என்பது 1930களில்தான் தெரியவந்தது.

கன்று பிறக்கும்போதே ஈரலில் செப்பையும் செலேனியத்தையும் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயிடமிருந்து கிடைப்பது. பாலில் செப்பும் இரும்பும் குறைவு. ஆகவே கன்றுக்குத் தாது கொடுக்கும் வேலை, சினைப்பசுவிலிருந்தே தொடங்க வேண்டும்.

குறைபாட்டைக் கண்ணால் ஓரளவு அறியலாம். செப்பு குறைந்தால் கருமயிர் செம்பட்டையாகி, கண்ணைச் சுற்றி வெளுக்கும், கழிச்சலும் வரலாம். நாகம் குறைந்தால் மூக்கோரமும் கால்களும் தடித்துச் செதில் விடும். பிறந்த கன்றின் கழுத்து வீங்கியிருந்தால் அயடீனைச் சந்தேகிக்கலாம். ஆனால் வயிறு மட்டும் பெருத்து எலும்பு தெரியும் கன்றுக்குப் பெரும்பாலும் பூச்சித் தொல்லையே. முதலில் அதற்கு மருந்து.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாலையெல்லாம் கலனில் ஊற்றி அனுப்பிவிட்டு, கன்றுக்குத் தாதுப்பொடி வாங்குவது வீண்செலவு. பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சீம்பால், பின்னர் நாளொன்றுக்கு உடல் எடையில் பத்திலொரு பங்கு பால்: முப்பது கிலோக் கன்றுக்கு மூன்று லீற்றர். இது போனால் மற்றதெல்லாம் போனது. கிடாரி பருவத்துக்கு வருவது வயதைவிட எடையைப் பொறுத்தது. வளராத கிடாரி ஓராண்டு பிந்திச் சினைப்பட்டால், அந்த ஓராண்டுப் பால் வருமானம் குடும்பத்துக்கு இல்லை.

கன்று தீவனம் கடிக்கத் தொடங்கியதும் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்குடன் கால்நடைகளுக்கென்றே தயாரித்த தாதுக்கலவையைச் சேர்க்கலாம். பசளை ஸ்டோரிலுள்ள நாக சல்பேற்றைக் கொடுக்கவே கூடாது. அதில் ஈயம் போன்ற நச்சுக்கள் கலந்திருக்கக்கூடும். 1946 இல் கொப்புள நோய் வந்ததிலிருந்து தேயிலைக்குச் செப்பு மருந்து அடிக்கிறார்கள். புதிதாக மருந்தடித்த மலையின் புல்லையும் கன்றுக்குப் போடாதீர்கள். செப்பும் செலேனியமும் மிகுந்தால் விஷம். ஊசியாகப் போடுவதை மிருக வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

பொதியில் தமிழ் இல்லாவிட்டால், அளவை வாசிக்கத் தெரிந்தவரிடம் கேட்டு, மூடியுள்ள டின்னொன்றில் கொட்டி, டின்னின் மேல் தமிழில் எழுதி வையுங்கள். கூரை ஒழுகும் மூலையில் வைத்தால் இரண்டு கிழமையில் கட்டியாகிவிடும்.