விடுமுறைக்கு முன் கார் ஓடுமா?

நுரைச்சோலை என்ற எங்கள் ஊரின் பெயரை நீங்கள் பெரும்பாலும் மின்வெட்டுச் செய்தியில்தான் கேட்டிருப்பீர்கள். 2011இல் முதல் அலகும் 2014இல் மற்ற இரண்டும் திறக்கப்பட்ட 900 மெகாவாட் அனல்மின் நிலையம் இங்கே கடற்கரையில் நிற்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. அடுத்த நாட்களில் ஊர் ஊராக மின்வெட்டு. அன்று கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்த ஒரு சிநேகிதி, "என்னடி, உங்கட ஊர்தானே எல்லாருக்கும் கரண்ட் தாறது?" என்று கேட்டாள். நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.

மின்நிலையத்துக்கு அப்பாலும் நுரைச்சோலை இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு, நடுவில் மணல். அந்த மணலில் கிணறு தோண்டி, தண்ணீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செய்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களில் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கே. மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்களுக்குக் கடல்தான் பாதை. எருக்கலம்பிட்டியில் வள்ளம் ஏறிக் கற்பிட்டியில் இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு பிற்பகல் பாடசாலையில் படித்தேன். இன்று அதே பிரதேசத்தில் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறேன்.

ஆசிரியையின் ஒரு நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸுபஹுக்கு எழும்பினால் உம்மாவுக்குத் தேநீர், மகனுக்குச் சாப்பாடு, எனக்கு ஒரு பார்சல், ஏழேகாலுக்குள் பாடசாலை வாசல். வெங்காயம் பிடுங்கும் காலத்தில் என் எட்டாம் வகுப்பில் வாங்குகள் வெறுமையாகிவிடும். வராத பிள்ளையைக் குறைசொல்லி என்ன பயன்? தாயும் தகப்பனும் தோட்டத்தில் நிற்க, கைக்குழந்தையைப் பார்ப்பது அந்தப் பன்னிரண்டு வயதுக்காரிதான். சில வீடுகளில் தாய் சவூதியிலோ குவைத்திலோ. அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் வைத்துப் படிப்பிக்கிறேன். 2021இல் அதிபர், ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக மாதக்கணக்கில் போராடிய நேரத்திலும், 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் அந்தப் பின்னேர வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. பிள்ளைகள் நடந்து வரும் தூரம்தானே.

இந்த விடுமுறைக்கு நான் போட்டிருக்கும் திட்டம் எருக்கலம்பிட்டிப் பயணம். உம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். உம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. ஒரு முழங்கால் மடங்காது.

வாப்பா 1974இல் எழுதி வாங்கிய காணி அங்கே இருக்கிறது. வீடு இடிந்துபோய்விட்டது, கிணறு மட்டும் மிச்சம். 2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் ஊரார் பலர் திரும்பிப் போய் வீடு கட்டினார்கள். பலர் அங்கும் இங்குமாக இரண்டு அடுப்பு வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் 2007இல் உலக வங்கிக் கடனுதவியோடு ஆரம்பித்த புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் ஒரு கல்வீட்டைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டோம். தொழிலும் பிள்ளைகளின் படிப்பும் இங்கே வேர்விட்டுவிட்டது. அதற்காகக் காணியை விட்டுவிட்டோம் என்று அர்த்தமில்லை. போன மாதம் மாமாவின் மகன் தொலைபேசி எடுத்தார். "மாமிட காணிக்குள்ள யாரோ கம்பிக்கட்டை நட்டிருக்கிறாங்க. வந்து பாருங்க" என்றார்.

இந்தச் செய்தி உங்களில் பலருக்குப் புதிதாக இராது. வன்னியிலிருந்து 2009இல் மெனிக் முகாமுக்குப் போய்த் திரும்பிய சகோதரிகள் எத்தனை பேர் தங்கள் எல்லைக் கல்லைத் தேடினார்கள்! ஆகவே நான் விசாரித்து அறிந்ததை எழுதுகிறேன்.

ஒருவருடைய தனியார் காணியை இன்னொருவர் பத்து வருடம் தடையின்றி, தனக்கே உரியதென்று ஆண்டு வந்தால், அவர் நீதிமன்றத்தில் உரிமை கோர எங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்திலிருந்து வருகிறது. போரால் துரத்தப்பட்டவர் எப்படித் தடுக்கப் போவது? அந்த அநியாயத்துக்காகவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆயுத நடவடிக்கைகளால் உரிமையைத் தேட முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்றது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அந்தச் சட்டம் வந்த செய்தி எங்கள் முகாம்களுக்கு எத்தனை பேர் காதில் விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. போர் முடிந்த பிறகே ஒருவர் வேலி போட்டிருந்தாலும், 2009இலிருந்து எண்ணினால் பத்து வருடம் 2019இலேயே முடிந்துவிட்டது. எங்கள் காணியில் கட்டை நட்டது இந்த வருடம். அதனால்தான் நான் அவசரப்படுகிறேன். வேலி பழசாவதற்கு முன் போய்க் கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், பொலிஸில் ஒரு முறைப்பாட்டைப் பதிய வேண்டும். அமைதியாக இருந்தால் அதுவே அவர்களுக்குச் சாட்சி.

உறுதி கையில் இல்லையே என்று பயப்பட வேண்டியதில்லை. நொத்தாரிசு உறுதி எழுதும்போது அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டக் கடமை. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், இவற்றில் ஏதாவது தெரிந்தால் தேடிப் பிரதி எடுக்கலாம். உம்மாவுக்கு நொத்தாரிசின் பெயரும் ஆண்டும் ஞாபகம். இலக்கம் தெரியாது. ஆனால் நான்கு எல்லைகளையும் ஓதுவதுபோல் சொல்வார். "கிழக்கே மையவாடி ஒழுங்கை, தெற்கே எங்கட மூத்தம்மாட தென்னந்தோட்டம்..." மகன் அதை ஒரு கொப்பியில் எழுதி, பெட்டி வரைந்து, திசை போட்டு வைத்திருக்கிறான். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து இலவசமாக உதவுகிறார்கள்.

எல்லாம் சரி. போவது எப்படி? இங்கேதான் கார் வருகிறது.

என்னிடம் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. ஆசிரியர் கடன் எடுத்து 2014இல் வாங்கினேன். முப்பத்தைந்து வயது கடந்த பிறகு சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். ஊரில் சிரித்தவர்கள் பிறகு பிரசவ வலி வந்த மருமகளோடு நடுச்சாமத்தில் என் வாசலுக்கே வந்தார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் என் பழைய காருக்கு நான் வாங்கியதைவிடக் கூடுதலாக விலை பேசினார்கள். நான் கொடுக்கவில்லை. 2022 வரிசைகளிலும், பிறகு கியூஆர் அட்டைக் காலத்திலும் அளந்து ஊற்றிய பெற்றோலில் அது என்னை விடவில்லை.

இந்த வருடம்தான் வில்லங்கம். பாலாவியைத் தாண்டினால் வெப்பமுள் மேலே ஏறத் தொடங்கியது. முதலில் பார்த்த கராஜில் தெர்மோஸ்டட் பழுது என்று அதைக் கழற்றி எறிந்தார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது. பிறகு ரேடியேட்டர் அடைப்பு என்றார்கள். அது உண்மைதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அல்லவா? அதே படிவு ரேடியேட்டரின் சின்னக் குழாய்களிலும் படியும். எனக்கு முன் கார் வைத்திருந்தவர் கிணற்று நீரையே ஊற்றி வந்திருக்கிறார். கடற்காற்று வெளியே அரிக்க, தண்ணீர் உள்ளே அடைத்திருக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த ரேடியேட்டர் ஒன்றை வரவழைத்துப் போட்டார்கள். என் ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பகுதி போனது.

ஒரு கிழமை நிம்மதி. பிறகு தினமும் தண்ணீர் குறையத் தொடங்கியது. கீழே ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. "பழைய வாகனம்தானே டீச்சர், ஊத்தி ஊத்தி ஓடுங்க" என்றார் கராஜ் தம்பி. நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவர் பதில் சொன்னது பக்கத்தில் நின்ற என் பதினாறு வயது மகனைப் பார்த்து. அவனுக்குக் காரின் முன்மூடி எப்படித் திறப்பது என்றும் தெரியாது! கடைசியில், "வீட்டில ஆம்பிளை யாரும் இல்லையா டீச்சர்?" என்றார். இந்தக் கேள்வியை நீங்கள் எந்தெந்த வாசலில் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "இல்லை. பில்லைக் கட்டுறது நான்தான், என்னட்டச் சொல்லுங்க" என்றேன்.

பிறகு புத்தளத்தில் வயதான ஒரு பாஸிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. இயந்திரம் நன்றாக ஆறும்வரை என்னை இருக்கச் சொல்லிவிட்டு அஸர் தொழப் போய்விட்டார். வந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து, காரை இயக்கச் சொல்லி, "டீச்சர், வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. எண்ணெய் மூடியின் உட்பக்கம் பாலாடை போல வெள்ளை. பலமுறை கொதித்ததில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, எரியும் வாயு தண்ணீருக்குள்ளும் தண்ணீர் எண்ணெய்க்குள்ளும் போகிறது என்று விளக்கினார். ஹெட்டைக் கழற்றி, வளைந்திருக்கிறதா என்று மட்டம் பார்த்து, லேத்தில் கொடுத்துச் சீவி, புதிய கேஸ்கட் போட வேண்டும். இனிமேல் கிணற்று நீர் வேண்டாம், கூலண்டுதான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது, முகத்தில் கொதிநீர் பாயும் என்றும் சொன்னார். முச்சக்கரவண்டியோ வானோ வைத்துத் தொழில் செய்யும் சகோதரிகளே, தண்ணீர் குறைகிறது, ஒழுக்கு இல்லை என்றால் இந்தக் குமிழியையும் எண்ணெய் மூடியையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பாஸ் நல்லவர். ஆனால் லேத் அவருடையதில்லை. அங்கே போன ஹெட் பத்து நாளாக "நாளைக்கு" வருகிறது.

வானொன்றை வாடகைக்குக் கேட்டேன். இரண்டு நாளுக்கு ஐம்பதாயிரம் என்கிறார்கள். வில்பத்துக் காட்டை ஊடறுத்துப் போகும் பழைய எலுவன்குளம் - மன்னார்ப் பாதை கிட்டம்தான். ஆனால் சரணாலயத்தின் நடுவால் போகும் பாதை என்று அது நீதிமன்றம் வரை போன விவகாரம். வயதான தாயோடு அதை நம்பிப் புறப்பட முடியாது. ஆகவே அநுராதபுரம், மதவாச்சி, செட்டிகுளம், முருங்கன் என்று சுற்றித்தான் போகவேண்டும். பஸ்ஸில் என்றால் புத்தளத்தில் ஒன்று, அநுராதபுரத்தில் ஒன்று, மன்னாரில் ஒன்று என்று மாற வேண்டும். உம்மாவின் முழங்கால் அந்தப் படிகளுக்குச் சரிவராது.

முழங்கால் மட்டும் காரணமில்லை. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள் அதிகாலையில் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன எங்கள் ஆட்களின் பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கம் துப்பாக்கிச்சூடு நடந்தது. பாதையில் டயர் எரித்து, கல் எறிந்தார்கள். அல்லாஹ்வின் உதவியால் உயிர்ச்சேதம் இல்லை. உம்மா இருந்த பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் போய் வாக்கும் போட்டார். ஆனால் அதற்குப் பிறகு இரவுப் பஸ் என்றால் மறுத்துவிடுகிறார். "பகல்ல, நீ ஓட்டினா வாறன்" என்கிறார். இரண்டாம் முறையும் ஊரை விட்டு ஓடவேண்டி வருமோ என்ற பயம் அந்தத் தலைமுறையின் எலும்புக்குள் இருக்கிறது. இதை ஆலோசனை சொல்லி மாற்ற முடியாது. பகலில் போகலாம், அவ்வளவுதான்.

லேத்காரருக்கு நேற்று நானே தொலைபேசி எடுத்தேன். வியாழன் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாஸ் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பூட்டித் தருவார். சனிக்கிழமை கற்பிட்டி வரை ஓட்டிப் பார்ப்பேன். வெப்பமுள் நடுவில் நின்றால் திங்கள் காலை புறப்பட்டு, பகலுக்குள் மன்னார்ப் பாலத்தைத் தாண்டிவிடலாம். செவ்வாய் காலையில் காணிப் பதிவகம், பிறகு கிராம உத்தியோகத்தர். முள் ஏறினால் உம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, எல்லை எழுதிய கொப்பியோடும் அவர் கையொப்பமிட்ட கடிதத்தோடும் நான் மட்டும் பஸ்ஸில் போவேன். கடிதத்தை நேற்றிரவே எழுதி, ராத்தாவையும் பக்கத்து வீட்டு மாமியையும் சாட்சிக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லி, இரண்டு பிரதி எடுத்தாகிவிட்டது.