மூன்றரைக் கிலோ குறைந்தால் போதும்!

"டாக்டர், கர்ப்பப்பை பலப்பட நல்ல லேகியமா கொடுங்க!"

மருமகளை அழைத்து வந்த ஒரு மாமியார், நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டது இது. கல்யாணமாகி நாலு வருஷம். பெண்ணுக்கு வயது 28. நாடி பார்த்துவிட்டு, எடை மெஷினில் ஏறச் சொன்னேன். 68 கிலோ. உயரம் 155 சென்டிமீட்டர். "மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். சில சமயம் மூன்று மாதம்கூட ஆகுமாம். மாமியாருக்கே அது அன்றுதான் தெரியும்!

லேகியம் கொடுக்கவில்லை. "மூன்றரைக் கிலோ குறைச்சிட்டு வாம்மா" என்றேன். 'சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே' என்று நினைக்காதீர்கள். லேகியத்தில் பாதிக்குப் பாதி வெல்லமும் நெய்யும்தான். ஏற்கெனவே எடை கூடியிருப்பவருக்கு அதைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்து என்ன பயன்?

உடம்பில் சேரும் கொழுப்பு, மூட்டை கட்டிப் பரணில் போட்ட சாமான் மாதிரி சும்மா கிடப்பதில்லை. சுரப்பியைப் போல அதுவும் வேலை செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தன் பங்குக்குத் தயாரிக்கிறது. இன்னொரு பக்கம், எடை கூடக் கூட இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது. விளைவு? மாதாமாதம் முதிர்ந்து வெளிவர வேண்டிய முட்டை பாதி வளர்ச்சியிலேயே நின்றுபோகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'நீர்க்கட்டிகள்' என்று படித்ததும் பல பெண்கள் அழுதுவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் இப்படிப் பாதியில் நின்ற முட்டைப்பைகள்தான். ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல.

இப்படி மாதவிலக்கு தள்ளிப் போகிறவர்களில் பலருக்கு, எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே முட்டை மறுபடி வெளிவரத் தொடங்கும். 68 கிலோவில் 5 பங்கு என்றால் மூன்றரைக் கிலோ. அவ்வளவுதான்! அழகிப் போட்டிக்குப் போகிற உடம்பு தேவையில்லை. தினமும் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் வேர்க்க நடங்கள். சாதத்தைக் குறைத்துக் காய், கீரை, பயறு, கொள்ளு ரசம் என்று தட்டை நிரப்புங்கள். மாதம் இரண்டு கிலோ குறைந்தால் தாராளம். குழந்தைக்கு முயற்சி செய்யும்போது, கடையில் விற்கும் இளைக்க வைக்கும் பொடிகள் பக்கமே போகாதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு ஒழுங்காக வருபவருக்கு எடை குறைந்தால் மட்டும் கரு தங்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் தைராய்டாக இருக்கலாம், கருக்குழாய் அடைப்பாக இருக்கலாம். வயது 35-ஐத் தாண்டியிருந்தால், ஆறு மாதம் முயன்றதுமே மகப்பேறு நிபுணரைப் பாருங்கள். எடை குறையட்டும் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்களே, அதில் முதல் பாதியும் முக்கியம். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 44 கிலோவுக்குக் கீழே இருந்தால், உடம்பு அதைப் பஞ்சகாலமாக எடுத்துக்கொள்கிறது. மூளை முட்டைக்கு உத்தரவு கொடுப்பதை நிறுத்திவிடும். இவர்கள் எடை ஏற வேண்டும்.

கணவர்? அன்றும் வெளியே பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு மெஷினில் ஏற்றினேன். 91 கிலோ! தொப்பை போட்ட ஆணின் கொழுப்பு, அவருடைய ஆண் ஹார்மோனையே பெண் ஹார்மோனாக மாற்றுகிறது; விந்தணு குறையக்கூடும். புது விந்தணு உருவாக இரண்டரை மாதமாவது ஆகும் என்பதால் அவரும் உடனே நடக்க வேண்டும் என்றேன். விந்துப் பரிசோதனைக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தேன். மாமியார் முகத்தில் ஈயாடவில்லை.

கரு தங்கிய பிறகு கதையே வேறு. அப்போது இளைக்க முயலக் கூடாது. அதற்காக 'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று திணிக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் 2009-ல் வகுத்த கணக்குப்படி, சரியான எடையில் இருந்தவர் பத்து மாதத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம், மெலிந்தவர் 12.5 முதல் 18 வரை. எடை கூடியவர் 7 முதல் 11.5 வரை. மெலிந்தவருக்கு எடை ஏறாவிட்டால் குழந்தை இரண்டரைக் கிலோகூட இல்லாமல் பிறக்கலாம். எடை கூடியவருக்கோ சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் எட்டிப் பார்க்கும். அதனால் போலிக் ஆசிட் மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள். கர்ப்பம் உறுதியானதும் முதல் செக்கப்பிலேயே சர்க்கரை பாருங்கள். 24-வது வாரத்துக்கு மேல் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.