சி.வி. ஜொயின்ற் மாற்றிய பின் கார் நடுங்குகிறதா?

எங்கள் தொழிற்சாலையில் காலை வேலை ஐந்தரைக்குத் தொடங்கும். அந்நேரத்தில் பஸ் இல்லை. அதனால் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய காரில் போய் வருகிறோம். பெற்றோல் காசு நாலாகப் பிரியும், திருத்தச் செலவும் அப்படியே. கார் படுத்தால் நாலு பேரின் வேலையும் ஆடிவிடும். ஜேர்மனியில் எம்மவர் பலருக்கு இது புதுக்கதை அல்ல.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் பரிசோதனைக்குக் காரைக் கொண்டு போனோம். முன்சில்லுகள் இரண்டின் உட்பக்கமும் கிறீஸ் சிதறிக் கிடந்தது. சி.வி. ஜொயின்ற்றை மூடியிருக்கும் றப்பர் உறை இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. திருத்திக்கொண்டு ஒரு மாதத்துக்குள் வரச் சொன்னார்கள். திருப்பும்போது ‘டக் டக்’ என்று ஏற்கெனவே சத்தமும் இருந்தது. உறை கிழிந்து மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால் ஜொயின்ற் அதிக நாள் தாங்காது. ஆகவே உறையை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

கராஜில் கேட்ட காசு, கார் வாங்கிய காசில் பாதி. மணிக்கணக்கில் லிஃப்ற் வாடகைக்குத் தரும் இடம் ஒன்றுக்குப் போய், ஒரு சனிக்கிழமை நாங்களே வெளி ஜொயின்ற் இரண்டையும் மாற்றினோம். பரிசோதனையும் முடிந்தது, ஸ்ரிக்கரும் கிடைத்தது. பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை இரண்டு நாள்தான். ஐம்பதுக்கு மேல் அமத்தினால் கார் நடுங்கத் தொடங்கியது. மேடு ஏறும்போது இருக்கையே ஆடியது. ரயரில்தான் பிழை என்று முடிவு கட்டி, காசு கொடுத்துச் சில்லுகளை பலன்ஸ் செய்தோம். ஒரு மாற்றமும் இல்லை. அந்தக் காசு போனது போனதுதான்.

அப்போதுதான், முன்பு யாழ்ப்பாணத்தில் இ.போ.ச. டிப்போவில் வேலை செய்த ஒரு அண்ணையின் நினைவு வந்தது. ரெலிபோனில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“தம்பியவை, அக்சிலேற்றரிலையிருந்து காலை எடுத்தால் நடுக்கம் நிக்குதோ, நிக்கேல்லையோ?”

“உடனை நிக்குது அண்ணை.”

“அப்ப ரயரை விடுங்கோ. உள் ஜொயின்ற்றைப் பாருங்கோ. நட்டுகளையும் பாருங்கோ.”

இந்தக் கேள்வியை வாசகர்களும் மனதில் வைத்திருக்கலாம். ரயர் பலன்ஸ் பிழையென்றால் காலை எடுத்தாலும் அதே வேகத்தில் நடுக்கம் இருக்கும். பெரும்பாலும் 80இற்கு மேல் ஸ்ரியறிங்கில் தெரியும். இழுவை இருக்கும்போது மட்டும் நடுங்கினால் சந்தேகம் ட்றைவ் சாஃப்ற் பக்கம் போகவேண்டும். முற்றாகத் திருப்பி மெல்ல ஓட்டும்போது ‘டக் டக்’ என்றால் அது வெளி ஜொயின்ற்.

முன்சில்லு இழுக்கும் காரில் கியர்பொக்ஸிலிருந்து ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு சாஃப்ற் போகிறது. வெளி ஜொயின்ற்றில் பெரும்பாலும் ஆறு உருண்டைகள் பள்ளங்களில் ஓடும். 1920களில் ஃபோர்ட் கம்பனியில் இருந்த அல்ஃபிரெட் ர்செப்பா வகுத்த முறை அது. 1959இல் வந்த மினி காருக்குப் பிறகு சிறிய கார்களில் பரவியது. உள் ஜொயின்ற்றின் வேலை வேறு. சில்லு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சாஃப்ற் நீளவும் குறுகவும் வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது இதுதான். பல கார்களில் இதற்குள் மூன்று உருளைகள் மூன்று தடங்களில் ஓடும். தடம் தேய்ந்து குழி விழுந்தால், ஒவ்வொரு சுற்றிலும் மூன்று தரம் பக்கவாட்டில் இடிக்கும். எங்கள் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீற்றர். 70இல் போனால் விநாடிக்குப் பதினொரு சுற்று, முப்பதுக்கு மேற்பட்ட இடி. இருக்கை ஆடியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

மறுபடியும் லிஃப்ற்றுக்குப் போனோம். முதலில் தொட்டது சில்லின் நடுவில் இருக்கும் பெரிய நட். வலப்பக்கம் இறுக்கமாக இருந்தது. இடப்பக்கத்து நட்டில் ஸ்பனரை வைத்ததும் சுலபமாகச் சுழன்றது. நாலு பேரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹம் காமாட்சி அம்மன் கோவில் தேருக்குப் போவதாக இருந்தோம். ஓட்டோபானில் நூற்றியிருபதில் போயிருப்போம்.

பிழை எங்களுடையது. அந்த நட் ஒருமுறைக்குரியது. கழற்றினால் புதியது போடவேண்டும். நாங்கள் பழையதையே போட்டு, கைப்பலத்தில் இறுக்கியிருந்தோம். இந்த நட்டுக்குப் பல கார்களில் 200 நியூட்டன் மீற்றருக்கு மேல் வேண்டும். அதாவது ஒரு மீற்றர் குழாயின் நுனியில் 20 கிலோ தொங்குவது போல. சில கார்களில் அதற்கும் கூட. அதன்பின் இத்தனை பாகை திருப்பு என்றும் சொல்லியிருக்கும். உங்கள் காருக்குரிய அளவைப் பார்த்து, அளவுகாட்டும் ஸ்பனரால் இறுக்குங்கள். பெரும்பாலான கார்களில் சில்லின் பெயரிங்கைச் சேர்த்துப் பிடிப்பதும் இந்த நட்தான். ஆகவே இது இறுகாமல் காரைச் சில்லில் நிறுத்தி உருட்டவும் கூடாது. பெயரிங் கெட்டுவிடும்.

பிறகு உள் ஜொயின்ற்றைத் திறந்தோம். இடப்பக்கத்துத் தடங்களில் நகம் மாட்டும் அளவு பள்ளம். அது முன்பே தேய்ந்திருந்தது. நாங்கள் சாஃப்ற்றைப் பிடித்து இழுத்ததில், உருளைகள் பழகிய இடம் மாறியிருக்க வேண்டும். வெளி ஜொயின்ற்றைக் கழற்றும்போது சாஃப்ற்றை இழுக்காமல் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று அண்ணை பிறகு ஏசினார். சில வண்டிகளில் உருளைகள் கூட்டைவிட்டே கழன்றுவிடுமாம்.

இடப்பக்கத்துக்கு முழுச் சாஃப்ற்றையே வாங்கினோம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், பற்களின் எண்ணிக்கை, ஏ.பி.எஸ். வளையம் எல்லாம் ஒப்பிட்டுத்தான் போட்டோம். கடையில் தருவது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பவேண்டாம். நீளமான சாஃப்ற்றில் சில கார்களுக்கு ஒரு றப்பர் எடை இருக்கும். அதை விட்டுவிட்டால் அதுவும் நடுக்கம் தரும். சில்லு பொருந்தும் முகத்தில் இருந்த துருவைக் கம்பித் தூரிகையால் துடைத்தோம். துரு இருந்தால் சில்லு சரிந்து நிற்கும். அதையும் முதல்முறை செய்யவில்லை.

இரண்டு பக்கமும் புதிய நட். அன்று மாலையே மேட்டுப் பாதையில் மூன்றாம் கியரில் அமத்திப் பார்த்தோம். நடுக்கம் இல்லை. இதன் பிறகும் உங்கள் கார் நடுங்கினால், எஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சரிந்தால் சாஃப்ற்றின் கோணமும் மாறும்.

தேருக்குப் போய் வந்தோம். திரும்பி வந்தபின் சில்லுப் போல்ற்றுகளை மறுபடியும் இறுக்கிப் பார்த்தோம். குளிர்கால ரயர் மாற்றும்போது றப்பர் உறைகளையும் ஒருமுறை கையால் பிதுக்கிப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் முதலில் தெரியும். அந்தக் கட்டத்தில் உறையும் கிறீஸும் மாற்றினாலே போதும்.