நாற்பது டிகிரியில் கிறிஸ்துமஸ்!

எனக்குப் பிறந்த ஊர், பாளையங்கோட்டை. கல்யாணமாகி, ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், 11 ஆண்டுகள் இருந்தோம். கணவருக்கு வேலை மாற்றலாகி, 2012ல், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகருக்கு வந்து விட்டோம். இங்கே டிசம்பர் என்றால், நல்ல கோடை!

பிள்ளைகள் இருவரும் கிளாஸ்கோவில் பிறந்தவர்கள். அங்கே, டிசம்பரில் மாலை, 4:00 மணிக்கு முன்பே இருட்டி விடும். ஜன்னலில் விளக்கு மினுமினுக்க, அவனில் வான்கோழி வேக, வீடே கதகதப்பாக இருக்கும்.

பெர்த்தில் முதல் கிறிஸ்துமஸ் அன்று, இரவு, 7:00 மணி தாண்டியும் வெளிச்சம். மரத்தில் போட்ட சீரியல் லைட் எரிகிறதா, இல்லையா என்றே தெரியவில்லை. சின்னவள், 'இது கிறிஸ்துமசே இல்லம்மா... நம்ம வீட்டுக்குப் போவோம்...' என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

எனக்கோ, வேர்வை வழிய சமையலறையில் நின்றதில், அம்மா வீட்டு அடுப்படி ஞாபகம் தான் வந்தது. நான் ஊருக்கே திரும்பி விட்டது போல இருக்க, பிள்ளைகளோ, ஊரைத் தொலைத்து விட்டு நின்றன. நான் சந்தோஷப்படுவதா, அவர்களோடு சேர்ந்து அழுவதா, சொல்லுங்கள்!

மறு வருஷம், மாமியார் எங்களோடு வந்து தங்கிய பின் தான் வழி பிறந்தது. 'எம்மா... வெயிலோட மல்லுக்கு நிக்காத. நம்மூர்ல விடியக்காலம் நாலு மணிக்கே ஆராதனைக்குப் போவோம்லா... அதே மாதிரி இருட்டோட எந்திரிங்க...' என்றார்.

அன்று முதல், எங்கள் கிறிஸ்துமஸ், அதிகாலை, 4:00 மணிக்கே துவங்கி விடும். 5:15க்கெல்லாம் சூரியன் எட்டிப் பார்த்து விடுவதால், அந்த ஒரு மணி நேரம் தான் எங்களுக்கு. காகித நட்சத்திரம், குடில், மரம் என எல்லா விளக்கையும் ஏற்றி, ஜெபம் செய்து, பரிசுகளைப் பிரிப்போம். பிள்ளைகளுக்கு கிளாஸ்கோ இருட்டு. எனக்கு பாளையங்கோட்டை விடியல்!

காலையில், இட்லியும், கறிக்குழம்பும். அதோடு அடுப்புக்கு லீவு. மதியம், இந்த ஊர்க்காரர்களைப் போலவே, முதல் நாளே வேக வைத்து, பிரிஜ்ஜில் வைத்த இறால், மாம்பழம், செர்ரி. கேக் மேல் ஐசிங் கிடையாது, உருகி வழியும். ஆனால், அச்சு முறுக்குக்கு இந்த ஊர் தான் லாயக்கு. நம்மூர் டிசம்பர் மழையில், டப்பாவைத் திறந்தாலே நமத்துப் போகும். இங்கே காற்றில் ஈரமே இல்லாததால், புத்தாண்டு தாண்டியும் மொறுமொறு தான்!

கடந்த, 2021ல், கிறிஸ்துமஸ் அன்று இங்கே, 42.8 டிகிரி வெயில். பெர்த் வரலாற்றிலேயே அவ்வளவு சூடான கிறிஸ்துமஸ் அது தான். மதியம், கரன்ட் வேறு போய் விட்டது. மாமியாரின் முகம் வாடி விட, எனக்குக் கை, கால் ஓடவில்லை. சின்னவள் தான், ஈரத் துண்டை அவர் தோளில் போர்த்தி, அட்டையால் விசிறியபடியே, கிளாஸ்கோவில் பனியில் சறுக்கி விழுந்த கதைகளைச் சொன்னாள்.

'சொல்லு ளா... கேட்டாலே குளுருது...' என்றபடி, அப்படியே தூங்கிப் போனார், மாமியார்.

பெரியவனுக்கு மட்டும் இன்னமும் வான்கோழி ஆசை விடவில்லை. 'ஜூலையில் செய்து தருகிறேன்டா...' என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே, அப்போது தான் குளிர்!

— ஒரு வாசகி, பெர்த், ஆஸ்திரேலியா.