கயிறு பிடிக்க ஒரு மச்சான்!

'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்' என்பார்கள். தூத்துக்குடிக்காரர்களைக் கேட்டால், கடலுக்கும் அதேதான் என்பார்கள். முத்துக்குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை மேலே படகில் மச்சான்தான் பிடித்திருப்பானாம். கூடப்பிறந்தவளின் தாலி விஷயமாச்சே... சட்டென்று இழுத்துவிடுவான்! 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை. ஆனால், மூச்சைப் பணயம் வைத்து இறங்குகிற வேலை ஒழியவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ரிப்பேர், பெயின்ட் என்று மேக்கப் போட்டுக்கொள்ளும் சீஸன். ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற கீழறையிலிருந்து தலையை நீட்டிய பெயின்டர் அண்ணாச்சியிடம், "தின்னர் வாடை தாங்குதா?" என்றேன்.

"முதல்ல பத்து நிமிஷம் கிர்ருங்கும். பொறவு வாடையே தெரியாது தம்பி. சாயங்காலம் ரெண்டு பழம், ஒரு டம்ளர் பால்... சரியாப் போவும்."

வாடை போகவில்லை சார், மூக்குதான் ராஜினாமா செய்துவிட்டது! தின்னரில் இருக்கும் டொலுவீன், சைலீன் ஆவி, காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். பள்ளத்தில், அதாவது அண்ணாச்சி குந்தியிருக்கிற இடத்தில்தான் தேங்கும். நுரையீரல், ரத்தம், மூளை என்று அதன் ரூட். பாலும் பழமும் போவது வயிற்றுக்கு! முகத்தில் கட்டுகிற துண்டு தூசியைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது.

பழைய பெயின்ட்டை உரிக்கிற ரிமூவர் இன்னும் மோசம். அதில் காலங்காலமாகச் சேர்ந்தது டைகுளோரோமீத்தேன். விமானத்தின் அலுமினியத் தோலைச் சுரண்டினால் கீறல் விழுமே என்று, விமானக் கொட்டகைகளில் இதற்கு ஏக மரியாதை. உடம்புக்குள் போனதும் இது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய அறையில் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியவர்களைக் கொல்கிறதே, அதே வாயு! 2024-ல் அமெரிக்கா இதன் பெரும்பாலான உபயோகங்களுக்குத் தடை போட்டது. விமானத்தின் சில முக்கிய பாகங்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு.

கட்டுப்பாடான இடத்தில் இதெல்லாம் நடக்காது என்கிறீர்களா? ஆஸ்திரேலிய விமானப்படையிலேயே நடந்தது. 1973 தொடங்கி 2000 வரை, எஃப்-111 போர்விமானங்களின் எரிபொருள் டாங்கிக்குள் ஆட்கள் தவழ்ந்து போய், பழைய பூச்சை ரசாயனம் போட்டு உரித்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களின் உடம்பு கெட்ட பிறகு, 2001-ல் விசாரணை அறிக்கை வந்தது.

நம் ஊர் சட்டம் ரொம்ப முந்தி. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-வது பிரிவு, விஷவாயு இருக்கக்கூடிய டாங்கிக்குள் ஆளை இறக்குவதென்றால், உள்ளே ஆபத்தில்லை என்று எழுத்தில் சான்று கேட்டது. இல்லையென்றால் சுவாசக் கருவி, இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க வெளியே ஒரு ஆள். அதே மச்சான்! ஆனால், நாலு பேர் கூலிக்குப் பெயின்ட் அடிக்கிற படகு பெரும்பாலும் 'தொழிற்சாலை' ஆவதில்லையே?

நான் பி.காம்.; கணக்குப் போட்டுப் பார்த்தேன். கயிறு பிடிக்க ஒரு ஆளுக்குக் கூலி. ஆவியை வெளியே இழுக்கப் பொறி பறக்காத ரகத்தில் ஒரு ஃபேன். படகுக்கு ஆகிற மொத்தச் செலவில் இது கொசுறு.

"அடுத்த சீஸனுக்கு மவனையும் உள்ள எறக்கலாம்னு இருக்கேன்" என்றார் அண்ணாச்சி.

"உள்ளே வேண்டாம் அண்ணாச்சி. மேலே நின்னு கயிறு பிடிக்கட்டுமே."

"சும்மா நிக்கதுக்குக் கூலி யாரு தம்பி தருவா?"